இலவசக் கல்வியும் செயன்முறைப் பாடசாலையும்

கன்னங்கராவைத் தலைவராகக் கொண்ட விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையை இலவசக் கல்வியின் சாசனமாகவே பலரும் போற்றுவர். 1945ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கட்டணம் நீங்கியமை பெரும் பேறே. ஆயின், பதினொரு வயதளவில் மாணவரைப் பகுத்து மூவகைப் பாடசாலைகளுக்கு அனுப்பவும், அவற்றுள் ஒன்றைச் செயன்முறைப் பாடசாலையாக அமைக்கவும் அவ்வறிக்கை விதந்துரைத்தது. அப்பகுதி வேரூன்றவில்லை. கைத்தொழிலைப் பெற்றோர் இழிவாக எண்ணியமையே காரணம் என்பர். இக்கூற்று நியாயமன்று. அரசாங்க உத்தியோகமும் உயர்ந்த வேதனமும் ஆங்கிலங் கற்றாரையே சார்ந்திருந்த நாளில், தன் மகன் மட்டும் மண்வெட்டியைப் பாடமாகக் கொள்ள எந்தக் கமக்காரன் இசைவான்? மத்திய மகாவித்தியாலயங்களையோ கிராமத்தார் விரும்பி ஏற்றனர். அங்கே ஆங்கிலமும் விஞ்ஞானமும் கிடைத்தன. குழுவினரினும் பெற்றோரே சம்பளப் பட்டியலை நன்கு வாசித்திருந்தனர்.