வெள்ளாட்டுக்கு முந்திய பக்கம்

பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' 2016 டிசம்பரில் வெளியானது. முன்னுரை சிறியதுதான். மனிதரைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட அச்சம், மாட்டையும் பன்றியையும் தொடவே கூடாது, மிஞ்சியவை ஆடுகள் என்கிறது அது. இதைப் படித்துவிட்டு உள்ளே போகிறவருக்கு, ஆட்டுக்குட்டியின் காதைக் குத்தி அடையாளம் இடும் இடம் வந்ததுமே அவருடைய 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பை அடுத்து 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த 'அமைதிப் பேச்சுவார்த்தை' நினைவுக்கு வந்துவிடும். படிக்காமல் போகிறவர் பார்ப்பது வேறு: வறண்ட மேட்டுக்காடு, ஒரு கிழவன், ஒரு கிழவி, பாலுக்குத் தவிக்கும் கருங்குட்டி. முன்னுரையோடு படிக்கும் வாசிப்புக்குப் பிறகும் திரும்பி வரலாம். அது இல்லாத வாசிப்பு ஒரே ஒரு முறைதான் வாய்க்கும். ஆகவே கதையை முதலில் படிப்பதே நல்லது.

தமிழ் மரபு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. பாயிரம் என்னும் முன்னுரை இல்லாதது நூலே ஆகாது என்பது நன்னூலின் கட்சி. முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம் என்று அதற்குப் பல பெயர்களையும் அடுக்குகிறது. ஒரு நூலுக்கே உரிய சிறப்புப் பாயிரத்தை அதை எழுதியவனின் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரில் ஒருவர் செய்ய வேண்டும். சிலப்பதிகாரப் பதிகமோ கோவலன் கொலையையும் மதுரை எரிந்ததையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கதை தெரிந்தவர்கள் கூடிக் கேட்ட காலம் அது. என்ன நடந்தது என்பதைவிட எப்படிச் சொல்லப்பட்டது என்பதில்தான் அவர்களுக்குச் சுவை.

பழைய நூல்களுக்கு முன்னுரை இன்றும் முதலில் வேண்டும். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் கேட்டபோது சீவகசிந்தாமணியை உ.வே.சாமிநாதையரே படித்திருக்கவில்லை. 1887இல் அவர் அதைப் பதிப்பித்தபோது, சமண மரபு அறியாத வாசகருக்குக் கைப்பிடித்து அழைத்துப் போக ஒருவர் தேவைப்பட்டார்.

நாவலின் நிலை வேறு. 'மாதொருபாகன்' (2010) முன்னுரை, திருச்செங்கோடு பற்றித் தகவல் திரட்டியபோது கதை கிடைத்த விதத்தைச் சொல்கிறது. எழுத்தாளர் நன்றியோடு எழுதிய பக்கம் அது. அதை வைத்து எதிர்த்தவர்கள் நாவலை வரலாற்று ஆவணமாக எடுத்துக்கொண்டு ஆதாரம் கேட்டார்கள். பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பிரியம் அந்தச் சண்டையில் யார் கண்ணிலும் படவில்லை. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது.

ஆனால் அவருடைய 'பூக்குழி'யில் (2013) தாண்டிப்போகவே முடியாத ஒரு பக்கம் இருக்கிறது. நாவல் சாதி கடந்து மணந்த தருமபுரி இளைஞர் இளவரசனுக்குக் காணிக்கை. அந்த ஆண்டு ஜூலையில் ரயில் பாதையோரம் அவர் இறந்துகிடந்ததைச் சேலத்து வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாவலில் அவரைப் போலவே சாதி கடந்து மணந்த குமரேசனும் சரோஜாவும் பேருந்தைவிட்டு இறங்கி வெயிலில் ஊரை நோக்கி நடக்கிறார்கள். அந்த முதல் பக்கத்திலேயே அந்த வாசகருக்கு நெஞ்சு பதறத் தொடங்கிவிடுகிறது.