நாலூரானுக்காகக் கேட்ட வரம்

க்ஷமை என்னும் குணத்தை விரித்துரைக்கும் இடங்களில் பூர்வாசார்யர்கள் பகைவனைப் பொறுத்தலுக்குப் பல சான்றுகளைக் காட்டுவர். ராவணனே வந்து நின்றாலும் அபயம் உண்டென்ற பெருமாளின் திருவுள்ளமும், அரக்கியரைத் தண்டிக்கத் துணிந்த திருவடியைப் பிராட்டி தடுத்தமையும் யாவரும் அறிந்தவை. எனினும் தூரத்தில் நின்ற பகைவனைப் பொறுப்பது ஒரு நிலை. அருகில் இருந்து உண்டு, கற்று, பின் கேடு சூழ்ந்தவனைப் பொறுப்பது வேறொரு நிலை. தன்னால் பிறர்க்கு நேர்ந்த கேட்டை நினைந்து நையும் ஒருவன் தன்னைத் தான் பொறுப்பது இவ்விரண்டினும் அரிது. இக்கடைசி இரண்டையும் ஒரே வரலாற்றில் காணவேண்டுமாயின் கூரத்தாழ்வான் சரித்திரத்தையே நாடவேண்டும்.

வரலாறு குருபரம்பரா க்ரந்தங்களில் பரக்கப் பேசப்படுவது. சோழன் உடையவரை அழைத்துவர ஆள் விட்டபோது, ஆழ்வான் அவருடைய காஷாயத்தைத் தாம் உடுத்து, த்ரிதண்டத்தைக் கைக்கொண்டு, பெரிய நம்பிகளோடு அரசவைக்குச் சென்றார். உடையவர் வெள்ளை சாற்றிக்கொண்டு மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். அவையில் வந்திருப்பவர் இளையாழ்வார் அல்லர், கூரத்தாழ்வான் என்பதை அரசனுக்குக் காட்டிக்கொடுத்தவன் நாலூரான். ஆழ்வானை அவன் அறிந்தது எவ்வாறு எனில், அவன் ஆழ்வானுக்கே சிஷ்யன். சிவனுக்கு மேற்பட்ட பரம் இல்லை என்று கையெழுத்திடும்படி வற்புறுத்தப்பட்டபோது, அச்சொல்லுக்கு ஓர் அளவை என்னும் பொருளும் உண்டாகையால் அதற்கு மேல் த்ரோணம் உண்டு என்று ஆழ்வான் எழுதினார். அதன் பயனாக இருவரும் திருக்கண்களை இழந்தனர். பெரிய நம்பிகள் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். ஆழ்வான் திருவரங்கம் மீண்டு, பின் திருமாலிருஞ்சோலையில் பல்லாண்டு வாழ்ந்தார். ஸுந்தரபாஹு ஸ்தவம் அங்கே பிறந்தது. உடையவர் மேல்கோட்டையிலிருந்து மீண்ட பிறகு, அவர் நியமனப்படி கச்சிப் பேரருளாளனை ஸ்தோத்ரம் செய்து கண்களை வேண்டச் சென்றார். சென்றவர் கேட்ட வரமோ வேறு. தமக்கு உண்டாகும் பேறு நாலூரானுக்கும் உண்டாகவேண்டும் என்பதே அது.

இவ்வரலாற்றை உபந்யஸிப்பவர் பலரும் ஆழ்வானைப் பிறவியிலேயே கோபமறியாதவராகச் சித்திரித்து, நொடியில் மறந்தார், நொடியில் மன்னித்தார் என்று முடித்துவிடுகின்றனர். இதில் இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று, ஆழ்வானுடைய செயலின் கனம் தெரியாமற்போகிறது. மற்றொன்று, கேட்பவன் தன் தமையனையோ மகனையோ பொறுக்கமாட்டாமல் தவிப்பவனாயின், தனக்கு இப்பிறவியில் அது வாராது என்று மனம் தளர்ந்து எழுந்துபோகிறான். ஆகவே வரலாறு உண்மையில் என்ன சொல்கிறது என்பதை ஆராய்வது பயனுடையது.

முதலாவது, க்ஷமை வேறு, இணங்கிப்போதல் வேறு. திருவரங்கத்தில் உடையவர் ஸம்பந்தம் உடையாரை உள்ளே விடலாகாது என்னும் ஆணை இருந்த காலத்தில், ஆழ்வான் திருவாசலை அடைந்தார். காவலரில் ஒருவன் தடுக்க, மற்றொருவன், இவர் எல்லார்க்கும் நல்லவர், இவரை விடலாம் என்றான். ஆசார்ய ஸம்பந்தத்தை ஒதுக்கிவிட்டுத் தம் நற்குணத்தின் பேரால் கிடைக்கும் சேவை தமக்கு வேண்டாம் என்று ஆழ்வான் திரும்பிவிட்டார். நாலூரானைப் பொறுத்தவரும் இவரே, இச்சிறு சலுகையைப் பொறாதவரும் இவரே. குற்றத்தைக் குற்றமன்று என்று சொல்வதும், உறவையும் கொள்கையையும் விட்டுக்கொடுப்பதும் க்ஷமை ஆகா என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இரண்டாவது, காலம். அரசவையில் நிகழ்ந்ததற்கும் கச்சியில் கேட்ட வரத்துக்கும் இடையில், மரபு சொல்லும் கணக்கின்படி, உடையவர் மேல்கோட்டையில் எழுந்தருளியிருந்த 12 ஆண்டுகள் உள்ளன. நாலூரானுக்கான பிரார்த்தனையை வரலாறு வைக்கும் இடம் வரதன் ஸந்நிதி; திருக்கண்களை இழந்த அன்றைய அவை அன்று. கண்களைக் கேள் என்று ஆசார்யன் அனுப்பிய இடத்தில், இழந்த பொருள் இன்னது என்பது முற்றும் நினைவில் நிற்கும்போது, அவ்விழப்புக்குக் காரணமானவனுக்காக வாய் திறந்தார். மறந்தவர் கேட்கும் வரம் அன்று இது.

மூன்றாவது, ஸாரமானது. பாகவதாபசாரம் செய்தவனை எம்பெருமான் தானே பொறுத்துவிடுவதில்லை. அம்பரீஷனிடத்தில் அபராதப்பட்ட துர்வாஸர் எம்பெருமானிடம் சென்று விழுந்தபோது, அவன் அவரை அம்பரீஷனிடமே திருப்பி அனுப்பினான் என்பது ஸ்ரீபாகவதம் கூறும் வரலாறு. பட்டவனே பொறுக்கவேண்டும், அவன் பொறுத்தபின் எம்பெருமானும் பொறுப்பான். இந்த முறையை நோக்கினால் ஆழ்வானின் வரத்துக்குப் பொருள் விளங்கும். நாலூரானுக்கு உஜ்ஜீவனத்தின் வாசல் ஒன்றே. அதன் திறவுகோல் ஆழ்வான் கையில் இருந்தது. அவர் உள்ளத்தில் வெறுப்பின்றி வாளா இருந்திருந்தால் அது சாந்தி மாத்திரமே, அவனுக்கு உதவியிராது. க்ஷமை இங்கே ஒரு மனநிலையாக நின்றுவிடாமல், பிறன் பொருட்டுச் செய்யும் விண்ணப்பமாகிறது. நெஞ்சு முழுதும் ஆறிய பின்னரே பொறுக்கலாகும் என்று காத்திருப்பவர்க்கு இது பெரிய ஆறுதல். பொறுத்தவனுக்காக ஒன்று கேட்பது முதலில் நிகழலாம். ஆற்றம் பின்னே வரலாம்.

இதே முறையை ஸ்ரீராமாயணத்தின் முடிவிலும் காணலாம். தசரத சக்ரவர்த்தி தம் இறுதி இரவில் இருவரைப் பொறுக்கமாட்டாமல் மாண்டார். ஒருவர், முன்னொரு நாள் இருளில் ஓசையைக் குறியாகக் கொண்டு எய்து ஒரு முனிகுமாரனைக் கொன்ற தாமே. மற்றொருவர், மகனொடும் உன்னைத் துறந்தேன் என்னும் கருத்துப்படச் சபித்த கைகேயி. தன்னைப் பொறாமையும் தன்னைச் சேர்ந்தாரைப் பொறாமையும் ஓரிரவில் ஓருடலில் கூடியிருந்தன. யுத்த காண்டத்தின் முடிவில் விமானத்தில் தோன்றிய அவர், அஷ்டாவக்ரர் தம் தந்தையைக் கரையேற்றியதுபோல் நீ என்னைக் கரையேற்றினாய் என்று மகனிடம் முதலில் சொல்கிறார். அதன்பின் பெருமாள் அவரிடம் வேண்டியது ஒன்றே: கைகேயியையும் பரதனையும் குறித்துச் சொன்ன அச்சொல்லை மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது. பரம்பொருளே ஆயினும், தந்தை சொன்ன சொல்லைத் தாம் அழிக்கவில்லை. சொன்னவரே அழிக்கும்படி கைகூப்பினார். அடைவும் நோக்கத்தக்கது. தாம் கரையேறியதை உணர்ந்தவரிடத்தில்தான் பிறரைப் பொறுக்கும்படியான வேண்டுகோள் வைக்கப்படுகிறது.

இனி, பொறுத்தலின் படிகளைப் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் வகுத்துக் காட்டுகிறார். தனக்குக் குற்றம் செய்தவரிடத்தில் ஒருவனுக்குப் பொறுமை, இரக்கம், சிரிப்பு, உகப்பு, நன்றியறிவு ஆகிய ஐந்தும் நடக்கவேண்டும் என்பது அங்குள்ள உபதேசம். மணவாள மாமுனிகள் வ்யாக்யானத்தின் துணைகொண்டு இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகளாகக் கொள்ளலாம். பதிலுக்குத் தீங்கு செய்யாமை முதற்படி. தீங்கு செய்தவன் அதன் பயனை அனுபவிக்கப்போகிறானே என்று இரங்குவது அடுத்தது. ஆழ்வான் நின்ற படி எது என்று கேட்டால், நாலூரானுக்கு வரம் கேட்ட அளவில் இரக்கம் வெளிப்படை. தம் ஆசார்யனுக்காக ஓர் அங்கத்தை இழக்கும் பேறு அவனால் வாய்த்தது என்ற அளவில் நன்றியறிவும் சொல்லலாம். முதற்படியில் நிற்பவனும் இவ்வரிசைக்குப் புறம்பானவன் அல்லன் என்பது இவ்வுபதேசத்தின் கருணை.

எனினும் அவ்வைந்தும் பிறர் குற்றத்தைப் பற்றியவை. தன் குற்றத்தைத் தான் பொறுத்தலுக்கு அங்கே ஒரு படியும் வகுக்கப்படவில்லை. இது விடுபாடு அன்று. ஆத்மா தன்னுடையது அன்று, எம்பெருமானுக்கே சேஷமானது என்பது ஸித்தாந்தம். தன்னை மன்னிக்கும் அதிகாரம் தனக்கு உண்டென்று கொள்வதும், தன்னை ஒருநாளும் மன்னியேன் என்று பிடிவாதம் கொள்வதும், பிறன் உடைமைக்குத் தானே நடுவனாய் அமர்வதாம். முதலாவது கர்வமென்று எளிதில் தெரியும். இரண்டாவது பணிவின் வேடம் பூண்டு வருவதால் தெரிவதில்லை.

எனின் தன் குற்றத்துக்குச் செய்யத்தக்கது யாது? எம்பெருமானார் சரணாகதி கத்யத்தில் அதைச் செய்து காட்டினார். மனம், வாக்கு, காயம் ஆகியவற்றால் செய்தவையும் செய்கின்றவையும் செய்யப்போகின்றவையுமான எல்லா அபராதங்களையும் ஒன்றொழியாமல் எண்ணி, பொறுத்தருளவேண்டும் என்று விண்ணப்பிக்கிறார். முடிவில் எம்பெருமான் ஸந்தேகமின்றி ஸுகமாய் இரு என்ற கருத்தில் விடையருளுகிறான். தன்னைப் பொறுத்தல் என்று உலகம் சொல்வது இம்மரபில் அவ்விடையை நம்புதலே. அந்த நம்பிக்கைக்கு மஹாவிச்வாஸம் என்று பெயர். அபராதங்களை எம்பெருமான் பொறுக்கும் வகையைப் பற்றி ஆசார்யர்களிடையே வேறுபாடு உண்டு. வாத்ஸல்யத்தால் தோஷத்தையே போக்யமாகக் கொள்வான் என்பர் பிள்ளை லோகாசார்யர் வழியினர். தோஷத்தைக் காணாதவன்போல் விடுவான். ப்ரபத்திக்குப்பின் அறிந்தே செய்தவற்றுக்கு மீண்டும் ப்ராயச்சித்தம் வேண்டும், அன்றேல் எளிய தண்டனையால் தீர்ப்பான் என்பர் வேதாந்த தேசிகர் வழியினர். பொறுப்பவன் அவனேயன்றி அபராதி அல்லன் என்பதில் இருவர்க்கும் வேற்றுமை இல்லை.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். ஆழ்வானைக் கண்ணிழந்தவராகக் கண்டபோது, தம் ஸம்பந்தத்தாலன்றோ இவர்க்கு இது நேர்ந்தது என்று உடையவர் மிகவும் துடித்தார் என்று வரலாறு கூறுகிறது. கத்யம் அருளிய அவருக்கு விச்வாஸக் குறை உண்டோ எனின், இல்லை. பிறர் இழப்பைக் கண்டு துக்கிப்பது அநுதாபம். தன் அபராதம் பொறுக்கப்படாது என்று ஐயுறுவது அவிச்வாஸம். முன்னது அன்பின் இயல்பு. பின்னதே விலக்கத்தக்கது. ஆழ்வான் அத்துக்கத்தைத் தணிக்கச் சொன்ன மறுமொழியும் கருதத்தக்கது. ஒரு வைஷ்ணவருடைய திருமண்காப்பு கோணலாயிருப்பதாகத் தாம் நினைத்திருக்கக் கூடும், அதன் பலன் இது என்றார். ஆசார்யன்மேல் ஏறிய பழியைத் தம்மேல் இறக்கிக்கொண்ட உக்தி இது. தம்மைத் தாம் வதைத்துக்கொள்ளும் சொல்லாக இதைப் படிப்பது, சொல்லப்பட்டவர் யார், எதற்கு என்பதை விட்டுப் படிப்பதாகும்.

பின்பு ஆழ்வான் நம்பெருமாளிடம் மோக்ஷத்தை வேண்ட, அவர்க்கும் அவர் ஸம்பந்தம் உடையார்க்கும் அப்பேறு அருளப்பட்டது. அது கேட்ட உடையவர், ஆழ்வான் ஸம்பந்தத்தால் தமக்கும் பேறு உறுதியென்று தம் மேல் காஷாயத்தை வீசியெறிந்து உகந்தார். ஒருநாள் அவருக்காக ஆழ்வான் உடுத்துச் சென்றதும் காஷாயமே. கச்சியில் கேட்ட வரத்தையும் இதையும் சேர்த்து நோக்கினால், ஆழ்வான் என்னும் ஒருவருடைய ஸம்பந்தத்தில் அவரைக் காட்டிக்கொடுத்தவனும், எவர்பொருட்டு அவர் துன்புற்றாரோ அவரும் ஒருங்கே அடங்குகின்றனர். நாலூரான் பொறுக்கப்பட்டதும் உடையவர் துயர் தீர்ந்ததும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

இவ்வரலாற்றின் மாந்தர் பிறந்த நிலம் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒன்றற்கொன்று அண்மையில் உள்ளது. கூரம் காஞ்சிக்கு அருகில். 1017இல் உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்பூதூரும் அங்கிருந்து தொலைவன்று. தானுகந்த திருமேனி எழுந்தருளியிருக்கும் அவ்வூருக்குப் பக்கத்துப் பிள்ளைப்பாக்கம் முதல் ஒரகடம் வரை இன்று சிப்காட் தொழிற்பூங்காக்களும் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும் பரந்துள்ளன. ஏரிப்பாசனத்து வயல் விலையேறிய மனையாகும் நிலத்தில் உடன்பிறந்தார் பங்குப் பிணக்கால் பேச்சற்றுப்போவதும், கையெழுத்திட்டுக் கொடுத்தோமே என்று பெரியவர் ஒருவர் தம்மையே நொந்து உண்ணாதிருப்பதும் புதியன அல்ல. அவர்களிடம் சென்று ஆழ்வானைப்போல் மறந்துவிடுங்கள் என்று சொல்வது வரலாற்றுக்கும் பொருந்தாது, அவர்களுக்கும் உதவாது. பங்கில் அநீதி நடந்திருந்தால் அநீதி என்றே சொல்லலாம். திருவாசலில் ஆழ்வான் இணங்கவில்லை. பல்லாண்டு கழிந்தாலும் குற்றமில்லை. அவர் வரம் கேட்டதும் பல்லாண்டுக்குப் பின்பே. பேசாத தமையனுக்காக ஒன்று வேண்டிக்கொள்ள முடிந்தால், அது தொடக்கம். தம்மை நொந்துகொள்பவர், தம்மால் இழந்தவரிடம் சென்று கேட்டுவிட்டு, எம்பெருமானிடமும் கேட்டுவிட்டு, அருளப்பட்ட விடையை நம்பி உண்ண எழலாம்.

ஆழ்வானுடைய பெருமை அவர் வலியறியாதவர் என்பதில் இல்லை. கண்ணைக் கேட்க அனுப்பப்பட்ட இடத்தில், அக்கண்ணைப் போக்கினவனை விட்டுத் தாம் மட்டும் திருநாடு புகுவதற்கு அவர் உடன்படவில்லை என்பதில் உள்ளது.