ஒட்டாத போஸ்டரும் கழற்றிய படமும்: சேகரிப்பு குறித்துச் சில கேள்விகள்

சென்னை நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்க வெம்பக்கோட்டைக்காரர்தானே? சிவகாசி பக்கத்துல பழைய லித்தோ போஸ்டர் ஏதாச்சும் கிடைச்சா எடுத்து வைங்க. எம்.ஜி.ஆர். படம்னா விலையைப் பத்தி யோசிக்காதீங்க." ஊருக்குப் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று யோசித்ததன் விளைவு இது.

எங்கள் ஊர்ப் பக்கம் காகிதம் இரண்டு தடவை வேலை பார்க்கும். சிவகாசி அச்சகங்களில் வண்ணம் விலகிப்போன தாளும் மிஞ்சிய தாளும் எடைக்குப் போகும். அப்படிப் போனதில் ஒரு பகுதி பட்டாசுக் குழாயாகும். என் அம்மா திண்ணையில் உட்கார்ந்து குழாய் உருட்டியிருக்கிறாள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குழாயில் நடிகையின் பாதிக் கண் இருக்கும், இன்னொன்றில் முருகனின் விரல். யாரும் அதைப் படமாகப் பார்த்ததில்லை. "எத்தனை ஆச்சு?" என்பதுதான் பார்வை. தீபாவளிக்கு மறுநாள் அந்த முகங்கள் தெருவெல்லாம் சிதறிக் கிடக்கும்.

பாரிஸ் நகரம் பற்றி 1935இல் எழுதிய கட்டுரையில் வால்டர் பெஞ்சமின், பயன்பாடு என்னும் அடிமைத்தனத்திலிருந்து பொருட்களை விடுவிப்பவனாகச் சேகரிப்பாளனைக் காண்கிறார். அழகான சிந்தனைதான். ஆனால் எங்கள் திண்ணையில் பயன்பாடு என்பது சோற்றுக்கான வழி. பொருளை விடுவிக்க முடிகிறவர் யார், உருட்டியே தீர வேண்டியவர் யார் என்ற கேள்வியைக் கேட்காமல் சேகரிப்பின் அழகியலைப் பேச முடியாது. "அருமை தெரியாத ஜனங்க அழிச்சுட்டாங்க" என்ற புலம்பலில் இந்தக் கேள்வி காணாமல் போகிறது.

போஸ்டர் சேகரிப்பில் ஒரு முரண் இருக்கிறது. தன் வேலையைச் செய்த போஸ்டர் நமக்குக் கிடைக்காது. அது மைதாப் பசையில் சுவரோடு சேர்ந்து, மழையில் ஊறி, மாடு தின்று, மேலே ஒட்டிய அடுத்த படத்துக்கு அடியில் போய்விட்டது. இன்று கைக்கு வருவது பெரும்பாலும் ஒட்டாமல் தங்கிப்போன தாள். ஆக, ஜனங்கள் அண்ணாந்து பார்த்த சினிமாவின் வரலாறு என்று நாம் நினைத்துச் சேர்ப்பது, யார் கண்ணிலும் படாத மிச்சங்களைத்தான். ஸ்டூடியோ போட்டோ இதற்கு நேர் எதிர். அது வீட்டுச் சுவரிலிருந்து கழன்றால்தான் சந்தைக்கு வரும். பாகப்பிரிவினை நடந்திருக்கும், வீடு இடிந்திருக்கும், இல்லை பேரனுக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கும். தீட்டிய திரைக்கு முன்னால் இரவல் கோட்டோடு நின்ற மனிதருக்கு ஒரு பெயர் இருந்தது, ஊர் இருந்தது, சாதி இருந்தது. எல்லாம் உதிர்ந்த பிறகு அவர் 'பழங்காலத் தமிழர்' ஆகிறார். பெயர் போன இடத்தில் விலை வந்து உட்காருகிறது.

2022இல் தொல்லியல் துறை வெம்பக்கோட்டை மேட்டைத் தோண்டத் தொடங்கியது. வைப்பாற்றங்கரை, விஜயகரிசல்குளம். சங்கு வளையல்களும் மணிகளும் வந்தன. அங்கே ஓர் உடைந்த வளையலுக்குக்கூட எந்தக் குழி, என்ன ஆழம் என்று குறிப்பு எழுதுவார்கள். மண்ணடுக்கை விட்டுப் பெயர்த்துவிட்டால் அது வெறும் சங்குத் துண்டு. ஈராயிரம் வருஷத்து வளையலுக்குக் காட்டும் இந்த மரியாதையை ஐம்பது வருஷத்துப் போஸ்டருக்கு நாம் காட்டுவதில்லை.

போஸ்டருக்கும் அடுக்கு உண்டு. அதன் அடியில் ஓர் எறும்பு வரி இருக்கும்: அச்சகம், ஊர். 1867இன் அச்சகச் சட்டம் கேட்டது அது. வெள்ளைக்காரன் கண்காணிப்பதற்காகப் போட வைத்த வரி இன்று நமக்கு வரலாற்றுத் தடயம். சட்டகம் போடும்போது பல பேர் வெட்டி எறிவது இந்த வரியைத்தான். ஆனால் அந்த வரியும் முதலாளியின் பெயரோடு நின்றுவிடும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாகக் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ படத்தைக் கையால் மறுபடி வரைந்த லித்தோ ஓவியர் அதில் இல்லை. 1920களில் தீப்பெட்டியோடு கிளம்பிய சிவகாசியின் தொழிலில், லேபிளும் காலண்டரும் போஸ்டருமாக எத்தனை கைகள்!

கையெழுத்து நிலைத்தது சிலருக்குத்தான். கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898–1976) அவர்களில் ஒருவர். நாடகக் கம்பெனிக்குத் திரை தீட்டியவர், பிறகு கோவில்பட்டியில் ஸ்டூடியோ நடத்தியவர், சிவகாசிக் காலண்டர் வழியாக வீடுவீடாகச் சாமிகளைக் கொண்டு சேர்த்தவர். நாடகம், போட்டோ, சாமிப்படம் மூன்றும் ஒரே கையில் கலந்திருந்தன. சேகரிப்பாளர்களோ நடிகருக்கு ஒரு கோப்பு, கடவுளுக்கு ஒரு கோப்பு, அநாமதேய முகத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்துவிடுகிறார்கள்.

வேறு மாதிரியும் சேகரிக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதியவர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸையும் சேர்த்து வைத்தார். 1994இல் அவர் பெயரில் சென்னையில் நூலகம் உருவானது. பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி எண்ணியப் பிரதி எடுத்தது. பிரதி எடுத்தால் படத்தை வீட்டிலிருந்து பறிக்க வேண்டியதில்லை. இது சின்ன விஷயம் இல்லை.

இருந்தாலும் நிறுவனங்களிடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது. படம் வாங்குகிற ஒவ்வொருவரும் விற்பவரிடம் நாலு வார்த்தை கேட்கலாம்: எந்த வீடு, எந்த ஸ்டூடியோ, எந்த அச்சகம், ஏன் கழற்றினீர்கள்? பதிலைப் பின்புறம் பென்சிலால் எழுதி வைக்கலாம். லித்தோ வேலையும் குழாய் வேலையும் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்வதும் போஸ்டர் சேகரிப்புதான்.

நண்பருக்கு நான் போஸ்டர் அனுப்பவில்லை. அம்மாவிடம் பழைய குழாய் எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். "அதை எதுக்குடா வச்சிருப்பாங்க? அன்னன்னைக்கு எண்ணிக் கொடுத்தாத்தான் கூலி" என்றாள். அதை எழுதிக்கொண்டேன்.