வெற்று ஸ்டப்பும் சுதேசி சிப்பும்

சென்னை ஐஐடியின் சக்தி செயலி 2018-இல் சிப்பாகி லினக்ஸை இயக்கிக் காட்டியது. 2020 ஆகஸ்டில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் சக்தியையும் சி-டாக்கின் வேகாவையும் முன்வைத்து, 4.3 கோடி ரூபாய் மதிப்பில் சுதேசி மைக்ரோபிராசசர் போட்டியை அறிவித்தது. பழைய சி லைப்ரரிகளை, இவ்விரண்டும் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் போர்டுக்குக் கொண்டுவரும் வேலை அதன்பின் மாணவர் கைக்கும் வந்தது. நல்லதே. ஆனால் ‘போர்டில் ஓடுகிறது’ என்பதே போதுமான சான்றாகிவிட்டது. அந்த ஓட்டத்துக்காகச் செய்யப்படும் ஒரு காரியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் ஒரு ஃபங்ஷனைக் காணோம் என்று நின்றால், அதே பெயரில் ஸ்டப் எனப்படும் வெற்று ஃபங்ஷன் ஒன்றை எழுதி, பூஜ்யத்தைத் திருப்பித் தரச் செய்து, லிங்கரின் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

ஸ்டப்பே கூடாது என்பதல்ல என் வாதம். இயங்குதளம் இல்லாத போர்டில் கோப்பை மூடும் ஃபங்ஷனுக்கு என்ன வேலை? சீரியல் போர்ட்டில் முதல் எழுத்து வரும்வரை ஸ்டப் உதவும். லிங்கர் பிழைகளில் பல முறையாகவே தீர்கின்றன என்பதும் உண்மை. 64-பிட் சக்தியில் நினைவகம் 2 ஜிபி முகவரியில் தொடங்குகிறது. மெட்லோ என்னும் கோட்-மாடலில் கம்பைல் செய்த நிரலுக்கு அது எட்டாது. மெட்எனி என்று மாற்றி எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்தால் சரியாகிவிடும். சாஃப்ட்-ஃப்ளோட், டபுள்-ஃப்ளோட் கலப்பும் அப்படித்தான்.

காணாமற்போன ஃபங்ஷன் வேறு வகை. நினைவகம் யார் தருவார், நேரம் யார் சொல்வார், சீரற்ற எண் எங்கிருந்து வரும் என்று லைப்ரரி அங்கே வன்பொருளைக் கேட்கிறது. நினைவகம் ஒதுக்கும் மாலாக் இடம் கேட்கும்போது, ஹீப்பை நீட்டித் தரும் எஸ்பிரேக் பதில் சொல்ல வேண்டும். கைமாறிக் கைமாறி வரும் எஸ்பிரேக் ஸ்டப், சுட்டியை நகர்த்துவதோடு சரி. எதிரே ஸ்டாக் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஹீப் வளர்ந்து ஸ்டாக்குக்குள் புகும்போது பிழைச்செய்தி எதுவும் வராது. தரவு மட்டும் கெடும். நடுவர் முன் பத்து நிமிடம் ஓடும் செயல்விளக்கத்தில் இது தெரியப்போவதே இல்லை. ஏற்காட்டுக்கு அப்பால் வாழவந்தியில், காப்பித் தோட்டச் சரிவில் மண் ஈரம் அளக்க இதே போர்டை வைத்தால் ஒரு மழைக்காலத்துக்குள் தெரிந்துவிடும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் ரீசெட் அழுத்துபவர் யார்?

இதைவிடக் கொடியது சீரற்ற எண். எம்பெட் டிஎல்எஸ் லைப்ரரியை இயங்குதளம் இல்லாத போர்டுக்குக் கொண்டுவரும்போது, வன்பொருளின் சீரற்ற எண்ணைப் படிக்கும் ஃபங்ஷனை நாமே எழுத வேண்டும். எழுதாவிட்டால் லிங்கர் நிற்கும். அங்கே பூஜ்யங்களை நிரப்பி ‘வெற்றி’ என்று திருப்பித் தரும் ஸ்டப்பை வைத்துப் பாருங்கள்: இணைப்பு கூடும், சோதனைகள் தேறும், மறையாக்கமும் நடப்பதுபோலவே இருக்கும். ஆனால் போர்டு ஒவ்வொரு முறை எழும்போதும் அதே எண்வரிசைதான். சாவியை யாரும் கணித்துவிடலாம். நாட்டின் பாதுகாப்புக்கென்று சொந்தச் சிப் செய்துவிட்டு, அதன் மேல் இப்படியொரு பூட்டைத் தொங்கவிடுவதா? உலகம் ஏற்கெனவே பட்ட அடி இது. 2006-இல் டெபியனில் ஒரு சோதனைக் கருவியின் எச்சரிக்கையை நிறுத்துவதற்காக ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் வரி நீக்கப்பட்டது. 2008 மே மாதம் வெளிப்பட்டபோது, ஒரு வகைச் சாவிக்கு 32,768 வாய்ப்புகளே எஞ்சியிருந்தன. அது லிங்கர் பிழையல்ல. ஆனால் எச்சரித்த கருவியை அடக்கிவிட்டு மேலே போன அதே மனப்பான்மை.

‘சி லைப்ரரியான நியூலிப்பே லிப்நோசிஸ் என்று ஸ்டப்புகளைத் தருகிறதே’ என்பது வழக்கமான சமாதானம். தருகிறது. ஆனால் கோப்பு மூடல் போன்றவற்றை அதிலிருந்து இணைத்தால், ‘இது செயல்படுத்தப்படவில்லை, எப்போதும் தோற்கும்’ என்று லிங்கர் எச்சரிக்கும்; ஃபங்ஷனும் மைனஸ் ஒன்றைத்தான் திருப்பித் தரும். அந்த எச்சரிக்கை கண்ணை உறுத்துகிறது என்றுதான் பூஜ்யம் தரும் சொந்த ஸ்டப்பை எழுதுகிறார்கள். தெரியாமல் செய்வதாக நம்ப நான் தயாரில்லை. காலக்கெடுவின் நெருக்கடி புரிகிறது. அது பொய்க்கு அனுமதியாகாது.

பதில் இல்லாத ஃபங்ஷன் அழைக்கப்பட்டால், தன் பெயரைச் சீரியலில் எழுதிவிட்டு நின்றுவிட வேண்டும். தேவையில்லாத பகுதியை லைப்ரரியின் கான்ஃபிக் கோப்பிலேயே நீக்கிவிடலாம். லிங்கர் தரும் மேப் கோப்பையும் ஸ்டப்புகளின் பட்டியலையும் சேர்த்தே சமர்ப்பிக்கச் சொல்வது நடுவர்களுக்குப் பெரிய வேலை அல்ல. சீரற்ற எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத அணிக்கு, போர்டில் எவ்வளவு அழகாக ஓடினாலும், பரிசு கிடையாது என்று அடுத்த போட்டியின் விதியிலேயே எழுதிவிடட்டும்.