மெய்கண்டாரின் ஆன்மாவும் சுங்கை பூலோவும்

'நான்' என்பதைப் பௌத்தர் ஐங்கந்தங்களின் கூட்டம் என்றனர்; ஹியூம் (1739) புலனுணர்வுகளின் தொகுதி என்றார்; டெக்கார்ட் (1641) ஐயுறுவோனின் இருப்பை ஐயுற இயலாது என்றார். இவற்றோடு ஒப்புநோக்கத்தக்கது, 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா. 'இல்லை' என மறுப்பதற்கும் ஓர் அறிவு வேண்டுதலின் ஆன்மா உண்டு. 'என் உடல்' என்னும் வழக்கால் அஃது உடலின் வேறானது என மெய்கண்டார் நிறுவுகிறார்.

முதற்சான்றைக் கொண்டு மெய்கண்டாரையும் டெக்கார்ட்டையும் ஒன்றெனக் கொள்ளத் தோன்றும். அது பொருந்தாது. டெக்கார்ட்டின் 'நான்' துணையின்றித் தன்னை அறிவது, சித்தாந்தத்தின் ஆன்மாவோ பிறிதொன்று உணர்த்தவே உணர்வது, சார்ந்ததன் வண்ணமாவது.

இவ்வேறுபாட்டின் பொருளைச் சுங்கை பூலோவில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். 1930இல் அங்குத் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் உடலைச் சிதைத்தது. சட்டம் உறவைப் பிரித்தது. அங்குப் பிறந்த குழந்தைகளும் பெற்றோரிடமிருந்து அகற்றப்பட்டனர். ஆன்மா உடலன்று என்பது முதல் இழப்பிற்கு ஆறுதலாகலாம்; அடுத்தவற்றிற்குப் போதாது. சார்பால் அறிவதே ஆன்மா எனின், சார்பைப் பறித்தல் ஆன்மாவிற்கே இழைக்கப்படும் கேடாகும்.

உறவும் பாசமே, இறுதிச் சார்பு இறைவனே எனச் சித்தாந்திகள் மறுக்கக்கூடும். எனினும், பக்குவத்தால் கட்டு அறுதல் வேறு. பிறரால் அறுக்கப்படுதல் வேறு. அக்குடியிருப்பினர் வழிபாட்டிடங்களையும் பூச்செடித் தோட்டங்களையும் உருவாக்கிப் புதிய சார்புகளைத் தேடிக்கொண்டனர். தனித்து நிற்கும் 'நான்' என்னும் கொள்கையினும், சார்பை நாடும் ஆன்மா என்னும் கொள்கையே அவர்தம் வாழ்வை நன்கு விளக்குகிறது எனக் கருதுகிறோம்.