கண்ணகியின் வழக்கும் பத்தினிக்கு இட்ட பலியும்

கண்டி நகரில் தலதா மாளிகையின் சுற்றாடலில் நாத, விஷ்ணு, கதிர்காமத் தேவாலயங்களோடு பத்தினி தேவாலயமும் உண்டு. எசல பெரஹராவில் இந்நான்கின் ஊர்வலங்களும் தலதா ஊர்வலத்தைத் தொடர்ந்து வரும். அவற்றுள் இறுதியாக வருவது பத்தினியினுடையது. தந்தத்தாது இவ்விழாவில் முதலிடம் பெற்றது கீர்த்திசிறி இராசசிங்கன் (1747–1782) காலத்திலாகும். அதற்கு முந்திய நிலையை, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிற் காணலாம். ஊர்வலத்துக்குரிய தெய்வங்களுள் பத்தினியின் பெயரும் அங்கு உளது.

இலங்கைக் கயவாகு கண்ணகிக்குக் கோட்டம் சமைத்து ஆடித் திங்களில் விழா எடுத்தான் எனச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறும். எசல மாதம் ஏறத்தாழ நமது ஆடியே. கயவாகுவைக் கொண்டு காப்பியத்தின் காலத்தைக் கணிக்கும் வாதம் பலமுறை நடந்தாயிற்று. அதில் நமக்கு இங்கு அக்கறையில்லை. கயவாகுவுக்குச் சில வரிகள் முன்னதாக நிற்கும் வேறொரு செய்தியே நம் ஆராய்ச்சிக்குரியது. அதனை விளங்கிக்கொள்ளக் கண்ணகி தெய்வமாவதற்கு முன் எத்தகையவளாக இருந்தாள் என்பதை முதலில் நோக்க வேண்டும்.

சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் பிரிந்த கணவனை அடையலாம் என்று தேவந்தி கூறியபோது, அது தனக்குப் பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். கணவன் கொலையுண்ட பின் மதுரைத் தெருவில் அவள் எழுப்பும் வினாக்களின் வரிசையும் கூர்ந்து நோக்கத்தக்கது. இவ்வூரில் பெண்டிர் உளரோ என்பது முதல் வினா. சான்றோர் உளரோ என்பது அடுத்தது. தெய்வம் உண்டோ என்பது மூன்றாவதாகவே வருகிறது. சான்றோர் இல்லாத ஊரில் தெய்வம் இருப்பதற்கு ஆதாரம் ஏது என்பதே இவ்வரிசையின் உட்பொருள் எனக் கொள்ளலாம். அறமே அவளுக்கு அளவுகோல்.

கதிரவன் குரல் கேட்டதும், மாண்ட கோவலன் எழுந்து அவள் கண்ணீரைத் துடைத்ததும் அவள் அவை புகுவதற்கு முன் நிகழ்ந்தனவே. ஆயினும் இவ்வற்புதங்களை அவள் அவையிற் சான்றாகக் கூறவில்லை. கன்றின் பொருட்டுத் தன் மகனையே கொன்ற சோழனை நினைவூட்டுகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பிலோ முத்து. சிலம்பு உடைந்தது, மன்னன் தானே கள்வன் எனத் தீர்ப்பளித்து உயிர்விட்டான். ஒருவனை முறையாக விசாரியாது கொன்றமையே அவள் வழக்கின் சாரம். மதுரையை எரிக்கும்போதுகூட, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விடுத்துத் தீயோர் பக்கமே செல்லுமாறு தீக்கடவுளை ஏவுகிறாள். இப்பட்டியலில் அக்காலச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு படிந்துள்ளமை உண்மையே. எனினும் குற்றமுடையோரையும் அற்றோரையும் பிரித்தறிய வேண்டும் என்ற நினைவு அங்கு அழியவில்லை.

அவள் தெய்வமான பின் நிகழ்ந்தது வேறு. பாண்டி நாட்டில் மழை பொய்த்தது, நோய்கள் பரவின. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று அவளுக்குச் சாந்தி செய்தான்; மழை பெய்தது. உரைபெறு கட்டுரை கூறும் இதனை நீர்ப்படைக் காதையில் மாடலனும் கூறுகிறான். ஒரு பகலுக்குள் முடிந்த பலி என்கிறான். அரசியின் சிலம்பைக் களவாடியவன் ஒருவன். அவன் தொழிலைத் தாமும் செய்தமையன்றி அந்த ஆயிரவர் இழைத்த குற்றம் யாது? ஒருவனது கொலைக்கு நீதி கேட்டவளின் பெயரால் ஆயிரவர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். செங்குட்டுவன் முன்னிலையில் இதனைக் கேட்ட எவரும் திடுக்கிட்டதாக இளங்கோ எழுதவில்லை.

முற்போக்குத் திறனாய்வாளர் பலர் வழக்குரை காதையைப் போற்றுவர். வஞ்சிக் காண்டத்தைச் சேரன் புகழ் பாடும் பகுதியென ஒதுக்குவர். இக்கட்டுரையாளனும் நெடுங்காலம் அவ்வாறே படித்தவன். அது வசதியான படிப்பு. பொற்கொல்லர் அப்போது கண்ணிற் படுவதில்லை. செழியன் செயலை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டாற் போதுமா? தான் பழைய அநீதி ஒன்றுக்குக் கழுவாய் தேடுவதாகவே அவன் நம்பியிருப்பான். அறத்தின் சொற்களே அவனுக்குப் பயன்பட்டன. வழக்கு வழிபாடாக மாறியபோது குற்றவாளி மறைந்து அவனது குலம் குற்றவாளியாகிவிட்டது.

வழிபாடு எப்போதும் இவ்வாறுதான் முடியும் என்பதும் பொருந்தாது. கயவாகுவின் விழாவைக் கூறுமிடத்தில் மனிதப்பலி பற்றிய பேச்சே இல்லை. சிங்கள மக்களின் கம்மடுவச் சடங்கில், பாலங்க எனப்படும் கோவலன் கொல்லப்படுவதும் உயிர்ப்பிக்கப்படுவதும் நடித்துக் காட்டப்படும். பத்தினி வழிபாடு குறித்துக் கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூல் இதனை விரிவாக ஆராய்கிறது. அங்கு இறந்தவனை எழுப்புவதே பரிகாரம், பிறரைக் கொல்வதன்று. கண்டித் தேவாலயத்துக் கப்புறாளையிடம் பிள்ளையின் நோய் தீர நேர்த்தி வைக்கும் தாயைச் செழியனோடு சேர்த்து எண்ணுவது அநியாயம்.

ஆயினும் செழியனின் தருக்கம் இம்மலைநாட்டில் மடிந்துவிடவில்லை. 1983 ஆடியில், வடக்கே திருநெல்வேலியில் பதின்மூன்று படையினர் கொல்லப்பட்டதற்காக, அச்சம்பவத்தோடு எத்தொடர்புமில்லாத தமிழரின் கடைகள் கண்டியில் எரிக்கப்பட்டன. 2018 மார்ச்சில், தெல்தெனியாவில் சிலரால் தாக்கப்பட்ட ஒருவர் இறந்ததற்காக, திகனை, அக்குறணை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தம்மைச் சமயத்தின் காவலர் எனக் கூறிக்கொண்டோரும் அங்கு இருந்தனர்.

இளங்கோவிடம் இதற்கு விடை உண்டா? கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் முற்பிறப்பைக் கூறுகிறது. பரதன் என்ற பெயரில் வாழ்ந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொல்வித்தானாம். அவ்வினையே இப்போது பலித்ததாம். இதனை முற்றாக ஏற்றால் பாண்டியன் வெறுங்கருவி. கண்ணகி வழக்குரைத்ததும் வீண். வாழ்த்துக் காதையில் விண்ணிலே தோன்றும் கண்ணகியும், பாண்டியன் குற்றமற்றவன் என்றும் தான் அவன் மகள் என்றும் சொல்கிறாள். உடைந்த சிலம்போடு அவையில் நின்றவள் இதற்கு உடன்பட்டிருப்பாளா என்பது ஐயமே. மன்னனைக் குற்றத்தினின்று விடுவித்த அத்தெய்வம், கொற்கையில் மாண்ட ஆயிரவரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.