ஒரே குழி, பல வழி

சிங்கப்பூரின் சுவா சூ காங் வேயில் உள்ள வாரன் கோல்ஃப் கிளப்பில் 18 குழிகள். கைதேர்ந்தவரும் புதிதாக மட்டை பிடித்தவரும் அங்கே சேர்ந்தே ஆடலாம். வேறு எத்தனை விளையாட்டுகளில் இது நடக்கும்?

முதல் காரணம் டீ. ஒவ்வொரு குழிக்கும் முன்னும் பின்னுமாகப் பல தொடக்க மேடைகள். வலுவுக்கேற்ற தூரத்தை அவரவர் தேர்ந்துகொள்ளலாம். பெண்களுக்கான முன் டீக்களை அக்கறையோடு அமைக்க வேண்டும் என்று வாதாடியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ஆலிஸ் டை. புளோரிடாவின் சாகிராஸ் மைதானத்து 17ஆம் குழியைத் தீவாக்கும் யோசனையும் அவருடையதே. அங்கே எல்லோரும் தண்ணீரைத் தாண்டியே ஆக வேண்டும்.

இரண்டாம் காரணம் பாதை. உயர்ந்த வடிவமைப்பு மாற்று வழி தரும். மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சி 1920இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தியது அதைத்தான். குளத்தை ஒட்டி வளையும் ஃபேர்வே புல்வழியில் துணிந்தவர் தண்ணீருக்கு மேல் குறுக்கே அடிப்பார்; பலித்தால் ஓர் அடி மிச்சம். நிதானக்காரர் சுற்றிப் போவார். ஓர் அடி கூடும், பந்து நனையாது. இரண்டுமே அழகான ஆட்டம்.

ஆனால் பங்கர் எனும் மணல் பள்ளம் யாருக்கும் சலுகை காட்டாது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 17ஆம் குழியில், குழியைச் சுற்றிய புல்தரையான கிரீனை ஒட்டியே ஆழமான ஒரு பங்கர். 1978 ஓப்பன் போட்டியில் ஜப்பானின் டாமி நகாஜிமா கிரீனிலிருந்து மெல்ல உருட்டிய பந்து அதற்குள் விழுந்தது. அந்தக் குழியை முடிக்க அவருக்கு 9 அடிகள் ஆயின.